புள்ளி போட்ட முட்டை

குருத்தோலை ஞாயிறு அன்று, ஓய்வுநாள் பள்ளியை முடித்து ஜெபம் சொல்லக் கண்ணை மூடப்போகிற நேரத்தில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். நாலாம் வகுப்பு படிக்கிறவள். நோவா எதற்காகக் கொசுவையும் பேழைக்குள் ஏற்றினார் என்று கேட்டு ஒரு வாரம் என்னைத் திண்டாடவிட்டவள் அவள்.

“டீச்சர், ஈஸ்டருக்கு முட்டைய ஒளிச்சு வெச்சிட்டு பசங்கள உட்டு தேடச் சொல்றாங்க. போன்ல பாத்தேன். நம்ப கோயில்ல மட்டும் ஏன் அது இல்ல?”

பசி நேரம். வீட்டில் உலைகூட வைக்கவில்லை. “இந்த வருஷம் வெச்சிடலாம்” என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பது பிள்ளைகளும் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் வாரநாட்களில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். விடிவதற்குள் ரோட்டுக்குப் போய் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீச்சர். முன்னே இருந்த டீச்சர் கல்யாணம் ஆகி ஏனாத்தூர் பக்கம் போய்விட்டதால், வெள்ளைப் புடவை ஒன்றும் உரத்த குரல் ஒன்றும் என்னிடம் இருப்பதைப் பார்த்து சபையார் என்னைப் பிடித்துப் போட்டார்கள். வேறு தகுதி எதுவும் எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

முட்டை விஷயம் சாயந்திரத்துக்குள் சபைச் செயலாளர் காதுக்குப் போய்விட்டது. ஏ.டி.எம்.மில் காவலுக்கு இருக்கிற அண்ணன் அவர். டியூட்டிக்குக் கிளம்பியவர் சைக்கிளை என் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

“முட்டைக்கும் ஏசப்பாவுக்கும் இன்னாம்மா சம்மந்தம்?”

எனக்கும் தெரியவில்லை. ஆனால் டீச்சர் என்றால் தெரியாது என்று சொல்லக் கூடாதே. “கல்லறை மாதிரிண்ணா. வெளிய பாத்தா கல்லு கணக்கா கீது. உள்ள உயிர் கீது.”

“அவிச்ச முட்டையிலயா?”

அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார். பிறகு, “லெந்து நோம்பு முடியற வரைக்கும் புள்ளைங்க யாரும் வாயில வெக்கக் கூடாது. ஆராதனை முடிஞ்சப்பறம் இன்னாவோ பண்ணிக்கோங்க” என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். எங்கள் ஊரில் அனுமதி இப்படித்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில் வான்கோழிக்கார அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயிலுக்குப் பின்னால் காட்டாமணக்கு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அந்த அக்காவின் வீடு. எங்கள் சபை இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற குடும்பம். திருப்புலிவனத்தில் யாரிடமோ நான்கு வான்கோழிக் குஞ்சு வாங்கிவந்து வளர்த்து, பெருக்கி, கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்பார். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான்.

எனக்கும் அவருக்கும் ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. போன வருடம் ஒரு கல்யாணத்தன்று அவருடைய வான்கோழிச் சேவல் கோயிலுக்குள் புகுந்து, பொண்ணுடைய சிவப்புப் பட்டுப்புடவையைப் பார்த்ததும் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. மணப்பெண் நாற்காலி மேல் ஏறிவிட்டாள். நான் துடைப்பத்தை எடுத்து விரட்டினேன். சேவல் இரண்டு நாள் நொண்டியதாம். “ஜெபம் பண்ற எடத்துல வாயில்லா ஜீவன அடிச்சவ” என்று தெருவெல்லாம் சொன்னார். அதிலிருந்து நாங்கள் மைக் செட் போட்டால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வசவு வரும். ஆராதனையில் ஆமென் வருகிறதோ இல்லையோ, அது வந்துவிடும்.

ஆனால் அந்த லெந்து காலத்தில் வசவு நின்றுபோயிருந்தது. அதுமட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயந்திர ஜெபத்தின்போது இரண்டு தடவை அந்த அக்காவைக் கோயிலின் பின்பக்க ஜன்னலோரம் பார்த்தேன். முக்காடு போட்டுக்கொண்டு, குனிந்து, சத்தமில்லாமல் நடந்து போனார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “ஐயா, அந்த அக்கா மனசு மாறிக்கினு வருது. ஜன்னலாண்ட நின்னு வசனம் கேக்குது.” மூன்று ஊர் சபைகளைப் பைக்கிலேயே சுற்றிவருகிற மனிதர் எங்கள் ஆயர். அவருக்கும் சந்தோஷம். அடுத்த வாரமே, பேர் சொல்லாமல், “ஜன்னலுக்கு வெளியே நிற்கிற சகோதரிக்காக” என்று உருக்கமாக ஜெபித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முட்டை அவிக்கிற வேலை. இரண்டு அட்டை, அறுபது முட்டை. கோயில் விருந்துக்குச் சோறு வடிக்கிற அலுமினிய அண்டாவில் போட்டு, உடையாமல் இருக்க ஒரு பிடி உப்பும் போட்டேன். அப்படியும் நான்கு உடைந்தது. அதை நானும் வீட்டுக்காரரும் தின்னாமல் வைத்திருந்தோம், லெந்து ஆயிற்றே. சாயம் போடுவது அவர் பொறுப்பு. எலெக்ட்ரீஷியன். கலர் கலராக ஒயர் பார்க்கிறவர் என்பதால் கொடுத்தேன்.

“சொட்டு நீலம் போட்டா சும்மா பளிச்சுனு இருக்கும்மே.”

“புள்ளைங்க தின்ற முட்டை. நீலத்த எடுத்த, அப்பறம் பாரு.”

கடைசியில் மஞ்சள் தூளில் ஒரு பங்கு, பீட்ரூட்டில் ஒரு பங்கு, வெங்காயத் தோலில் ஒரு பங்கு என்று முடிவானது. மஞ்சள் அருமையாகப் பிடித்தது. வெங்காயத் தோல் செங்கல் நிறம் கொடுத்தது. பீட்ரூட்டில் ஊறியவை மட்டும் சட்டையில் சிந்திய சாம்பார் மாதிரி கறைபட்டு வந்தன. அவர் விரல்கள் மட்டும் அழகான ரோஜா நிறம்.

பரிசுக்கு ஒரு ஜியோமெட்ரி பாக்ஸும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கி வைத்திருந்தேன். அதிக முட்டை எடுக்கிறவர்களுக்குக் கொடுத்தால் ஓடத் தெரிந்த பெரிய பிள்ளைகள்தான் ஜெயிப்பார்கள். அதனால் ஒரே ஒரு விசேஷ முட்டை செய்வோம், அதைக் கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு என்று யோசனை வந்தது. ஒரு வெள்ளை முட்டையை டீ டிகாஷனில் முக்கியெடுத்து, காப்பித் தூளைக் கெட்டியாகக் குழைத்து, தீக்குச்சியால் உடம்பெல்லாம் புள்ளி வைத்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, தெளித்துவிட்ட மாதிரி. காய்ந்ததும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இப்படி ஒரு முட்டை உலகத்திலேயே கிடையாது என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். வான்கோழி முட்டையை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை. எல்லாரும் கையில் மெழுகுவர்த்தியோடு கோயிலைச் சுற்றிவந்து, உள்ளே போய், உயிர்த்தெழுந்த பாட்டைப் பாடினோம். பிள்ளைகளுக்குப் பாட்டில் கவனமே இல்லை. பத்தொன்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன. என் வீட்டுக்காரர் மைக் செட்டைப் பார்த்துக்கொள்ளும் சாக்கில் வெளியே நின்று, பிரசங்கம் நடக்கும்போது முட்டைகளை ஒளித்துவைத்தார். எங்கெங்கே வைத்தார் என்பதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாராம். பிரசங்கம் முடிவதற்குள் வியர்வையில் எல்லாம் அழிந்துவிட்டது.

ஆசீர்வாதம் முடிந்து நான் வெளியே வந்ததும் காதோரம் வந்து சொன்னார். “பின்னாடி வேலியாண்ட நான் ஒண்ணும் வைக்கல. அந்தப் பொட்ட வான்கோளி அங்க சீறிக்கினு கீது. புள்ளைங்கள அந்தப் பக்கம் உடாத.”

சரி என்றேன். சத்தியமாகச் சரி என்றுதான் சொன்னேன். அதற்குள் டீயும் பன்னும் வந்தது, பக்கத்துத் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பத்தொன்பது முப்பத்தைந்து ஆனது, யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மைக் கையில் வந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

“புள்ளைங்களா! வேலிக்குள்ள எங்க வேணா தேடலாம்! தள்ளக் கூடாது, பிடுங்கக் கூடாது. புள்ளி போட்ட முட்டைய எடுத்துக்கினு வர்றவங்களுக்குத்தான் ப்ரைஸ்!”

விசில் ஊதினேன்.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. கைப்பம்பின் தலைமேல் இருந்த மஞ்சள் முட்டையைப் பிள்ளைகளுக்கு முன்பே காக்கை பார்த்துவிட்டது. அது தூக்கிக்கொண்டு பறக்க, ஆறு பேர் அண்ணாந்து பார்த்தபடி அதன் பின்னால் ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பாதி முட்டைகள் ஆறடி உயரத்தில் இருந்தன. வைத்தவர் உயரம் அப்படி. குட்டிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தோளில் ஏற்றிக்கொண்டு ஜன்னல் மேட்டைத் தடவினார்கள். கக்கூஸ் கட்ட வாங்கிப்போட்ட செங்கல் அடுக்கில் வெங்காயத் தோல் முட்டையைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு கூட்டம் செங்கலையே பிரித்துப்போட்டது. ஒருத்தி வீட்டிலிருந்தே காகிதத்தில் உப்பும் மிளகுத் தூளும் மடித்துக்கொண்டு வந்திருந்தாள். தேடுவதெல்லாம் அவளுக்கு இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உப்பு வேண்டுகிறவர்களிடம் அரை முட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். செயலாளர் அண்ணன்கூட ஒரு முட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, “பரவால்லம்மா, நல்லா கீது” என்றார்.

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். மனசு நிறைந்திருந்தது. அப்போதுதான் கோயிலுக்குப் பின்பக்கமிருந்து கேள்வி கேட்கிற என் நாலாம் வகுப்புக்காரி வந்தாள். பாவாடையை மடியாக ஏந்திப் பிடித்து, முதுகை வளைத்து, அடி மேல் அடி வைத்து வந்தாள். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“டீச்சர், புள்ளி போட்டது ஒண்ணுதான்னு சொன்னீங்க. எட்டு கீது!”

மடியில் எட்டு முட்டைகள். வெளிறிய பழுப்பு நிறம். உடம்பெல்லாம் காப்பித் தூள் தெளித்த மாதிரி புள்ளி. ஒன்றுபோல் எட்டும்.

முதலில் என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தெரியாமல் எட்டு செய்து வைத்து விளையாடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான்தான் செய்தேன் என்று அவர் நினைத்திருக்கிறார். ஒன்றைக் கையில் எடுத்தேன். பெரிதாக இருந்தது. கனத்தது. கதகதவென்று இருந்தது. வெயில்தான் என்று நினைத்தேன். ஆனால் வெயில் இன்னும் வேலிக்கு இந்தப் பக்கம் இறங்கவே இல்லை.

அதற்குள் உப்புக்காரி ஒன்றை மடியிலிருந்து எடுத்து, உடைப்பதற்காகச் செங்கல் மேல் ஓங்கினாள்.

“ஐயோ, வேணாம்!”

நான் போட்ட சத்தத்தில் அவள் அப்படியே சிலையாகிவிட்டாள். என் வீட்டுக்காரர் ஒரே எட்டில் போய் முட்டையைப் பிடுங்கினார். அதே நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கதறல். கோழியா, மனுஷியா என்று பிரித்துச் சொல்ல முடியாத கதறல். காட்டாமணக்குச் செடிகளை விலக்கிக்கொண்டு முதலில் பெட்டை வான்கோழி வந்தது, ஒவ்வொரு இறகும் விறைத்து நிற்க. அதன் பின்னால் கையில் தவிட்டுக் கிண்ணத்தோடு அக்கா வந்தார்.

“எவ எடுத்தது? எவ எடுத்தது என் முட்டைய? தண்ணி குடிக்க எங்க வூட்டாண்ட வந்த நேரத்துல! இருபத்தி நாலு நாளா அடை காத்துக்கினு கீது! இன்னும் நாலு நாள்ல குஞ்சு பொரிக்கும்! பாவிங்களா, வயித்துல அடிச்சிட்டீங்களே!”

நாலாம் வகுப்புக்காரி என் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆனால் வாய் ஒளியவில்லை. “வேலிக்குள்ள எங்க வேணா தேடலாம்னு டீச்சர்தான் சொன்னாங்க. புள்ளி போட்ட முட்டைன்னு டீச்சர்தான் சொன்னாங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேராக.

“இன்னாம்மே டீச்சரு? புள்ளி போட்டதெல்லாம் உன் முட்டையா?”

பிள்ளைகள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. என் வீட்டுக்காரர் சொன்னதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டேன். தப்பு என்னுடையது. மைக்கில் சொன்னதை இப்போது மறுக்கவும் முடியாது, ஊரே கேட்டது. செயலாளர் அண்ணன் இடையில் வந்து, “அதெல்லாம் சரிம்மா, உன் கோளி எங்க கோயில் எடத்துல எதுக்கு அடை காக்குது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அக்கா கொஞ்சம் தடுமாறினார். தவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முக்காட்டைச் சரி செய்தார்.

“எங்க வூட்டாண்ட கீரிப்பிள்ளை வருது. போன தபா மொத்த முட்டையும் குடிச்சிட்டுப் போய்டுச்சு. உங்க பழைய பெஞ்சுங்க கெடக்குதே, அதுக்கு அடியில தகரம் கீது, எதுவும் பூராது. அத்த அங்க குந்த வெச்சேன். காலைல ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டி வந்து தீனி வெச்சிட்டுப் போவேன். சொன்னா நீங்க உடமாட்டீங்க. டீச்சருதான் தொடப்பத்த எடுத்துக்குமே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முக்காடு. குனிந்த தலை. வெள்ளிக்கிழமை சாயந்திரங்கள். மைக் சத்தத்தைத் திட்டாமல் இருந்தது, யாரும் வேலிப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று. ஆயர் பேர் சொல்லாமல் உருகி உருகி ஜெபித்த சகோதரி வந்தது வசனத்துக்காக இல்லை, கோழிக்காக. நல்லவேளை, ஆயர் அப்போது கோயிலுக்குள் இருந்தார்.

“அக்கா” என்றேன். “தப்பு என்னுதுக்கா. புள்ளைக்குத் தெரியாது. எட்டும் அப்படியே கீது, ஒண்ணும் ஒடையல. எடுத்துக்கினு போய் வெச்சிடலாம் வா.”

“எட்டா?” என்றார் அக்கா. “ஒம்போது இருந்துச்சு.”

முட்டை தேடும் விழா அப்போதுதான் உண்மையில் ஆரம்பித்தது. இந்தத் தடவை விசில் ஊதவில்லை, மைக் இல்லை. முப்பத்தைந்து பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் தரையைப் பார்த்து நடந்தார்கள், கால் வைக்கிற இடத்தை ஒவ்வொரு தடவையும் பார்த்து. என் நாலாம் வகுப்புக்காரி பெஞ்சுகளின் அடியில் வயிற்றால் ஊர்ந்து போனாள். அழுதுகொண்டே தேடினாள். வான்கோழி அவளைக் கொத்த வந்தபோதும் நகரவில்லை. அக்கா கோழியைச் சாக்கால் போர்த்திக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“கூட யாராச்சும் வந்தாங்களா உன்னோட?” என்று அவளைக் கேட்டேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். “எங்க பாப்பா.”

பாப்பா என்றால் அவளுடைய தங்கை. மூன்று வயது. பாப்பா கோயில் படியில் உட்கார்ந்து பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். “பாப்பா, முட்டை எங்கடி?” என்று நாலாம் வகுப்புக்காரி உலுக்கினாள். பாப்பா நிதானமாக விழுங்கிவிட்டு, ஆயர் உடுப்பு மாற்றுகிற அறையைக் கை காட்டினாள்.

“ஐயாக்குக் குதுத்தேன்.”

நாங்கள் ஓடினோம். நான், அக்கா, அக்காவின் கக்கத்தில் கோழி, பின்னால் மொத்தக் கூட்டம். அறைக்குள் ஆயர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டீ கிளாஸை ஒரு பக்கம் வைத்து, அடுத்த ஊர் ஆராதனைக்குப் போகும் அவசரத்தில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தார். இடது கையில் புள்ளி போட்ட முட்டை. வலது கையில் ஸ்பூன். ஸ்பூன் ஒரு தடவை இறங்கியிருந்தது. இரண்டாம் தடவைக்கு மேலே போயிருந்தது.

“ஐயா, நிறுத்துங்க!”

பதினைந்து வருடம் ஊழியம் செய்கிற மனிதரை அப்படி யாரும் அதட்டியிருக்க மாட்டார்கள். ஸ்பூன் கீழே விழுந்தது. அக்கா முட்டையை அவர் கையிலிருந்து எடுத்தார். எங்கள் வேதாகமத்தைக்கூட நாங்கள் அவ்வளவு மெதுவாக எடுத்ததில்லை. காதில் வைத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். தலைப்பக்கம் முடி மாதிரி ஒரு கீறல். உள்தோல் கிழியவில்லை.

“மெளுகு கீதா?” என்று கேட்டார்.

காலை ஊர்வலத்தில் அணைத்துப் போட்ட மெழுகுவர்த்திகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒன்றைக் கொளுத்தினேன். ஒரு சொட்டை விரலில் வாங்கி, ஆறவிட்டு, கீறல் மேல் தடவினார். பிறகு இன்னொரு சொட்டு. ஆயர் என்ன நடக்கிறது என்று புரியாமல், மரியாதைக்காக எழுந்து நின்றார். நான் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், ஜன்னல் விஷயத்துக்கு வந்ததும் ஒரு நொடி கண்ணை மூடினார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

“சகோதரி” என்றார் அக்காவிடம், “அப்படியே ஒருநாள் ஜன்னலுக்கு உள் பக்கமும் வாங்களேன்.”

“மொதல்ல என் கோளி பொரிக்கட்டும் சாமி. அப்பறம் பாக்கலாம்” என்றார் அக்கா.

ஒன்பது முட்டைகளையும் கூட்டில் வைத்தோம். அக்கா ஒவ்வொன்றாக வைக்க, நான் தகரத்தைத் தூக்கிப் பிடித்தேன். கோழியை விட்டதும் அது எங்களைப் பார்த்துச் சீறிவிட்டு, கூட்டைச் சுற்றி நடந்தது. உட்காரவில்லை. சுற்றியது. உட்காருமா, மாட்டாதா என்று எல்லாரும் பத்தடி தள்ளிக் குந்தியிருந்தோம். கடைசியில் அது கூட்டுக்குள் இறங்கி, மூக்கால் ஒரு முட்டையை உள்ளே தள்ளி, இறக்கையை விரித்து உட்கார்ந்தது. அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“பொரிக்குமாக்கா?”

“யார் கண்டது” என்றார். திட்டவில்லை. எழுந்து, தவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பரிசு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் காப்பித் தூளால் செய்த முட்டை கிடைக்கவே இல்லை. எங்கே வைத்தோம் என்று என் வீட்டுக்காரருக்கு நினைவில்லை. ஜியோமெட்ரி பாக்ஸைச் செங்கல் அடுக்கைத் திரும்ப அடுக்கிவைத்தவர்களுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலை உப்புக்காரி எப்படியோ வாங்கிக்கொண்டாள்.

அந்த நான்கு நாட்களும் எனக்கு ஓடவே இல்லை. கம்பெனியில் ஒயரைக் கட்டும்போது புள்ளிகளாகத் தெரிந்தன. விடியற்காலை பஸ்ஸுக்குப் போகும்போது வேலிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். இருட்டில் ஒரு மேடு தெரியும். அது சீறினால் நிம்மதி. நாலாம் வகுப்புக்காரி பள்ளிக்கூடம் போவதற்கு முன்பும் வந்த பின்பும் அங்கேயே குந்திக்கொள்கிறாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அக்கா விரட்டுகிறாராம். அவள் போவதில்லையாம். கடைசியில் தவிட்டுக் கிண்ணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாராம்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறி, லாக்கரிலிருந்து எடுத்த போனைப் பார்த்தால் அவள் அம்மாவின் நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். காதில் வைத்தேன். முதலில் காற்று. பிறகு அவள் குரல், ரகசியமாக: “டீச்சர், கேளுங்க.” பிறகு கீச், கீச் என்று மெல்லிசாக, ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. பின்னால் அக்காவின் குரல்: “போனை எட்டப் புடிடி, மெரண்டுடப் போவுது.”

நான் அதை நான்கு தடவை போட்டுக் கேட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னவென்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். முன் சீட்டு திரும்பியது, பின் சீட்டு எழுந்து வந்தது. ஆயர் ஸ்பூனைத் தூக்கிய இடம் வரும்போது டிரைவர் வண்டியை மெதுவாக்கிவிட்டார்.

யூனிபார்மைக்கூட மாற்றாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தேன். கோழியையும் குஞ்சுகளையும் வீட்டுக்குள் கொண்டுவந்து, மூலையில் கூடை கவிழ்த்து, பக்கத்தில் குண்டு பல்ப் எரியவிட்டிருந்தார். ஆறு குஞ்சுகள். இரண்டு முட்டை கூமுட்டை என்றார். மெழுகு தடவிய முட்டையில் குஞ்சு முழுசாக வளர்ந்திருந்தும் ஓட்டை உடைத்து வரமுடியாமல் உள்ளேயே செத்துவிட்டதாம்.

“நம்மாலதான் போச்சாக்கா?”

அக்கா கூடையை லேசாகத் தூக்கிக் குஞ்சுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “இருக்கும்” என்றார். பொய் சொல்லவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிறகு, “போன தபா ஒண்ணுகூடத் தேறல. இந்தத் தபா ஆறு கீது. குந்து, டீ போடறேன்” என்று உள்ளே போனார்.

நாலாம் வகுப்புக்காரி தரையில் கவிழ்ந்து படுத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. செத்த குஞ்சுக்காக முன்பே அழுது முடித்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் முன்னால் ஒரு தட்டில், அவித்த முட்டையும் முருங்கைக் கீரையும் பொடியாக நறுக்கிக் கலந்து வைத்திருந்தது. வான்கோழிக் குஞ்சுக்கு அதுதான் முதல் தீனியாம். ஆனால் அந்தக் குஞ்சுகளுக்குத் தின்னத் தெரியாது. தாய் கொத்திக் காட்டினாலும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும், பட்டினியிலேயே செத்தும் போகும் என்று அக்கா அடுப்படியிலிருந்து சொன்னார். அதனால் அவள் ஒரு விரலால் தட்டில் டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தாள். கூடைக்கு வெளியே விட்டிருந்தவற்றில் ஒரு குஞ்சு விரலைக் கொத்தியது. இன்னொன்று விரலுக்குப் பக்கத்தில் கொத்தி, தற்செயலாக ஒரு துணுக்கு முட்டையை எடுத்து, திகைத்துப்போய் விழுங்கியது.

“தின்னுட்டுச்சு!” என்றாள், மூச்சை உள்ளே இழுத்து.

நான் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டின் இந்தப் பக்கம் ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தேன்.

“டீச்சர், தண்ணி குடிக்கவும் சொல்லித் தரணுமாம்” என்றாள்.

“எப்படி?”

“ஒண்ணொண்ணா புடிச்சு மூக்க நனைக்கணுமாம்.”

கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவர எழுந்தேன்.